வயசாயிடுச்சு என்பது நோயின் பெயர் அல்ல

காஞ்சிபுரத்தில் ஒரு நாய்க்குப் பத்து வயதாகிவிட்டால் போதும், அதற்கு வரும் எல்லா வியாதிக்கும் ஒரே பெயர்தான். சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறதா? வயசாயிடுச்சு. முடி கொட்டுகிறதா? வயசாயிடுச்சு. மடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியா? வயசாயிடுச்சு. பின்பக்கம் ரத்தம் சொட்டுகிறதா? அட, அதுக்கு வயசாயிடுச்சுங்க, விடுங்க!

டாக்டர் பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை. கட்டியில் ஓர் ஊசி குத்திச் சோதிக்கவில்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் வந்தாயிற்று. அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு ராத்திரி அதை ஏற்றிக்கொண்டுபோய் வேகவதி ஆற்றங்கரையிலோ, பைபாஸ் ஓரத்திலோ, ஏதாவது ஒரு கோயில் வாசலிலோ இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். கோயில் வாசலில் விட்டால் பாவம் சேராது என்று ஒரு நம்பிக்கை வேறு. அதே ஆட்கள் தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் சன்னதியில் வரிசையில் நிற்பார்கள். பைரவருக்கு வாகனம் எது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடலாம். வயதானால் நாயின் நோய் எதிர்ப்பு சக்தி தளர்கிறது என்பது உண்மை. அந்தத் தளர்ச்சியைப் புற்றுநோய் பயன்படுத்திக்கொள்கிறது என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மையையும் கூட்டி, "அதனால் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று விடை எழுதுகிறார்களே, அதுதான் தப்புக் கணக்கு. எதிர்ப்பு சக்தி குறைந்த நாய்க்குத்தான் சீக்கிரம் பார்க்க வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு.

பி.காம் முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். ஒரு மெஷின் வாங்கினால் அதன் ஆயுள் பத்து வருடம் என்று வைத்துக்கொண்டு, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பைக் கழித்துக்கொண்டே வருவார்கள். பத்தாவது வருடம் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். ஆனால் புத்தகத்தில் பூஜ்யம் என்று எழுதியதால் மெஷின் ஓடுவதை நிறுத்திவிடுமா? பிள்ளையார்பாளையத்தில் தாத்தா காலத்துத் தறியில் இன்றைக்கும் கல்யாணப் புடவை நெய்பவர்களைப் பார்க்கலாம். தறியில் ஏதாவது முறிந்தால் தச்சரைக் கூப்பிட்டுச் சரி செய்கிறார்கள். "தறிக்கு வயசாயிடுச்சு" என்று ஆற்றங்கரையில் வீசிவிட்டு வருவதில்லை. மரச்சட்டத்துக்குக் கிடைக்கும் மரியாதை, பத்து வருடம் வாசலைக் காத்த உயிருக்குக் கிடைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். வயதான நாயின் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

நாயின் நெஞ்சுக்குள், இதயத்துக்கு முன்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதைப் பயிற்சிப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள் இங்கே வந்துதான் "எது சொந்தம், எது அந்நியம்" என்று பாடம் படிக்கின்றன. படித்து வெளியே வருபவைதான் டி செல்கள். இந்தப் பள்ளி நாய்க்குட்டிப் பருவத்தில் ஜோராக நடக்கும். நாய் பருவத்துக்கு வந்ததும் சுருங்க ஆரம்பித்து, போகப் போகப் பெரும்பகுதி கொழுப்பாக மாறிவிடும். அதன் பிறகு புதிதாகப் படித்து வரும் டி செல்கள் குறைவு. ஏற்கனவே இருப்பவற்றை வைத்துத்தான் மிச்ச வாழ்நாளை ஓட்ட வேண்டும்.

நெசவுத் தெருக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அனுபவமுள்ள பெரியவர்கள் தறியில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த டிசைனைக் கண்ணை மூடிக்கொண்டு நெய்வார்கள். ஆனால் கற்றுக்கொள்ள இளம் பிள்ளைகள் வரவில்லை. திடீரென்று புது டிசைன் ஆர்டர் வந்தால் திணறல்தான். வயதான நாயின் எதிர்ப்பு சக்தியும் கிட்டத்தட்ட இப்படித்தான். முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்கள் மிஞ்சுகின்றன. புதுக் கிருமியையோ புதுவிதமாகக் கெட்டுப்போன செல்லையோ அடையாளம் காணும் இளம் செல்கள் குறைகின்றன. மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கும் உதவி டி செல்களின் விகிதம் இறங்குகிறது. ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களும் ரத்தத்தில் குறைகின்றன. இருக்கும் செல்களும் தூண்டினால் முன்போல வேகமாகப் பெருகுவதில்லை. இது போதாதென்று உடம்பு முழுக்க அணையாத கங்கு மாதிரி ஒரு லேசான அழற்சி வருடக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "நினைவு மிஞ்சுகிறது" என்பதுதான் அது. இளமையில் ஒழுங்காகத் தடுப்பூசி போட்ட நாய்க்கு, டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்கு எதிரான பாதுகாப்பு முதுமையிலும் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. வயதான நாய்க்கு ரேபிஸ் ஊசியை மறுபடி போட்டால் அதன் உடம்பும் பதில் கொடுக்கிறது. ஆனால் இந்த ஊரில் என்ன நடக்கிறது? குட்டியாக இருக்கும்போது ஆசையாக ஊசி போடுவார்கள். ஆறேழு வயது தாண்டியதும், "இனிமே எதுக்கு, கிழ நாய்க்கு ஊசி தாங்காது" என்று நிறுத்திவிடுவார்கள். தாங்காது என்று யார் சொன்னது? மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசியை நிறுத்தி, அதற்கப்புறம் அந்த நாயைத் தெருவிலும் விட்டால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்ததாகத்தான் அர்த்தம்.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். உடம்பில் செல்கள் பிரியும்போது தவறுகள் நடந்துகொண்டேதான் இருக்கும். கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது எதிர்ப்பு சக்தியின் அன்றாட வேலைகளில் ஒன்று. வயதாக ஆகத் தவறுகள் சேர்கின்றன, காவலும் தளர்கிறது. அதனால்தான் வயதான நாய்களிடம் புற்று அதிகம். புற்றும் சும்மா இருப்பதில்லை. செல்லின் மேல்பரப்பில் அடையாள அட்டை மாதிரி சில புரதங்கள் உண்டு. டி செல்கள் அதைப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யும். புற்று அந்த அட்டையை மறைத்துக்கொள்ளும். போர் செய்யும் செல்களை அடக்கி வைக்கும் ரசாயனங்களைச் சுரக்கும். சண்டையை நிறுத்தச் சொல்லும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைத் தன் பக்கம் கூட்டிக்கொள்ளும். லிம்ஃபோமா என்ற புற்றில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புற்றாக மாறுவதே எதிர்ப்பு சக்தியின் செல்கள்தான். காவல்காரனே திருடனாகிவிட்ட கதை.

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதுதானே? வயசாச்சு, புற்று வந்துச்சு, முடிஞ்சது" என்று குதிக்க வேண்டாம். தெருவில் ரத்தம் சொட்டித் திரியும் நாயைப் பார்த்து "கேன்சர், தேறாது" என்று கைவிடுகிறார்களே, அதில் ஒரு புற்றின் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அதன் பெயர் தொற்றும் பால்வினைக் கட்டி. மருத்துவர்கள் சுருக்கமாக சி.டி.வி.டி என்பார்கள். நாயின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி சிவப்பாக வளரும். தொட்டால் ரத்தம் வரும். சில நாய்களுக்கு மூக்கிலும் வாயிலும் வரும். சாதாரணமாகப் புற்று ஓர் உடம்பில் பிறந்து அந்த உடம்போடு சாகும். இது அப்படியல்ல. இனச்சேர்க்கையின்போதும், நக்கும்போதும் முகரும்போதும், உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவி, அங்கே வேர் பிடிக்கின்றன. ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி 1876-லேயே இந்தக் கட்டியை ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். நாயின் செல்லில் 78 குரோமோசோம் இருக்கும். இந்தக் கட்டியின் செல்லில் 60-ஐ ஒட்டித்தான் இருக்கும். காரணம், அது அந்த நாயின் செல்லே அல்ல! உலகம் முழுக்க உள்ள எல்லாக் கட்டிகளும் எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு நாயிடமிருந்து வந்தவை. 43 நாடுகளில் எடுத்த 546 கட்டிகளின் மரபணுவை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்கும் என்று கணக்கிட்டது. பல்லவர்கள் காஞ்சிக்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே செத்துப்போன நாயின் செல்கள் இன்றைக்கும் தெரு நாய்களின் உடம்பில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

வேறொரு நாயின் செல் உள்ளே நுழைந்தால் எதிர்ப்பு சக்தி உடனே அடித்து விரட்ட வேண்டாமா? ஆரம்பத்தில் விரட்ட முடிவதில்லை. மேலே சொன்ன அதே தந்திரம்தான். கட்டி தன் அடையாள அட்டையை மறைத்துக்கொண்டு, டிஜிஎஃப் பீட்டா என்ற அடக்கும் ரசாயனத்தைச் சுரந்துகொண்டு வளர்கிறது. ஆனால் பெரிய நாயாக, ஆரோக்கியமாக இருந்தால், பல சமயம் ஒரு கட்டத்தில் ஆட்டம் திரும்புகிறது. கட்டிக்குள் நுழைந்த வெள்ளை அணுக்கள் இன்டர்லூகின் 6 என்ற இன்னொரு ரசாயனத்தைச் சுரந்து அந்த அடக்குமுறையை முறிக்கின்றன. மறைத்து வைத்த அடையாள அட்டைகள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. கட்டி வளர்வது நின்று, சுருங்கவும் தொடங்குகிறது. சோதனைகளில் இப்படித் தானாகவே குணமான நாய்களுக்கு மறுபடி அந்தக் கட்டி ஒட்டுவதும் கடினமாகிறது.

அதே கட்டி ஒரு குட்டியின் மேலோ, பட்டினியாலும் உண்ணிக் காய்ச்சலாலும் எதிர்ப்பு சக்தி நைந்துபோன நாயின் மேலோ ஏறினால்? அங்கே ஆட்டம் திரும்புவது கஷ்டம். கட்டி பெருத்து, மற்ற இடங்களுக்கும் பரவலாம். ஒரே கட்டி, ஒரே செல். ஒரு நாய் பிழைக்கிறது, ஒரு நாய் அழுகிச் சாகிறது. வித்தியாசம் கட்டியில் இல்லை, எதிர்த்து நிற்கும் உடம்பில் இருக்கிறது. வீட்டில் வளர்ந்த வயதான நாயைத் தெருவில் விடுகிறவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஏற்கனவே தளர்ந்த எதிர்ப்பு சக்தி. அதன் மேல் பட்டினி, உண்ணி, குடல் புழு, மற்ற நாய்களின் கடி. புற்றுக்கு இதைவிட வசதியாக யாரும் வாசல் திறந்துவிட முடியாது.

சரி, இதற்கு மருந்து உண்டா? உண்டு. அந்த மருந்தின் கதையைக் கேட்டால் இன்னும் கோபம் வரும்.

நித்தியகல்யாணிப் பூவைப் பார்க்காதவர்கள் உண்டா? சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூத்துக்கொண்டே இருக்கும். அந்தச் செடியிலிருந்து எடுப்பதுதான் வின்கிறிஸ்டின். 1960-களிலிருந்து மனிதர்களின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்படும் மருந்து. இந்தச் செடியைத் தென் தமிழ்நாட்டில் மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். சி.டி.வி.டி உள்ள நாய்க்கு இந்த மருந்தை வாரம் ஓர் ஊசி வீதம், பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் போட்டால், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் கட்டி முழுசாகக் கரைந்துபோகிறது. தொண்ணூறு சதவீதம்! மனிதர்களின் பல புற்றுகளில் டாக்டர்கள் கனவில் மட்டும் காணும் எண் அது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த மருந்து தனியாக நின்று கட்டியைக் கொல்வதில்லை. சிகிச்சைக்கு நடுவே கட்டித் துணுக்குகளை எடுத்து ஆராய்ந்த ஒரு குழு, 2018-ல் முடிவுகளை வெளியிட்டது. மருந்து போட்டதும் முதலில் நாயின் எதிர்ப்பு சக்தி விழிக்கிறது. பிறகு டி செல்களும் மற்ற கொல்லும் செல்களும் கட்டிக்குள் திரளாக நுழைகின்றன. அதன் பிறகுதான் கட்டி அழிகிறது. அதாவது மருந்து தட்டி எழுப்புகிறது, மிச்ச வேலையில் பெரும்பங்கை உடம்பே செய்கிறது. வயதான நாயாக இருந்தாலோ, கட்டி பெரிதாக இருந்தாலோ குணமாகக் கூடுதல் வாரங்கள் பிடிக்கலாம். கூடுதல் வாரங்கள்தான் பிடிக்கும். வயதை வைத்து வைத்தியத்தையே மறுக்க இதில் காரணம் எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எம்.வி.எஸ்சி படிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது கடையில் வாங்கி வீட்டில் போடும் ஊசி இல்லை. நரம்புக்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் சதை வெந்துபோகும். வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை தேவை. கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வைத்தியம் தெருவுக்குத் தெரு நடக்கிறது. நாய் சோர்ந்து கிடந்தால் யாரோ ஒருவர் ஒரு ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுவிடுவார். டெக்சா, பிரெட்னிசோலோன் என்று ஏதாவது ஒன்று. மறுநாள் நாய் எழுந்து சாப்பிடும், வாலாட்டும். "பார்த்தியா, என்ன கைராசி!" ஆனால் ஸ்டீராய்டு என்பது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. தேவையான இடத்தில் அது உயிர் காக்கும். காரணம் தெரியாமல் போட்டால், ஏற்கனவே தளர்ந்திருக்கும் காவலை இன்னும் தூங்க வைக்கும். உள்ளே லிம்ஃபோமா இருந்தால் தற்காலிகமாக வீக்கம் வற்றும். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது சிரமமாகும். பின்னால் கொடுக்கும் கீமோ மருந்துக்கும் அந்தப் புற்று மசியாமல் போகலாம். ஒரு நாள் வாலாட்டலுக்கு இவ்வளவு விலை.

மடிக்கட்டிக்கும் இதே கதைதான். பெண் நாய்களின் மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் புற்று. மீதிப் பாதி சாதுவானவை. எது எது என்று வெளியிலிருந்து தடவிப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சின்னதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துப் பரிசோதித்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். "பெருசானா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, தேங்காய் அளவு ஆகிப் புண்ணான பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால் எந்த டாக்டரால் என்ன செய்ய முடியும்? அப்போதும் பழி வயதின் மேல்தான்.

இனி வழக்கமாக வரும் ஆட்சேபணைகள்.

"மனுஷனுக்கே வைத்தியம் கிடைக்கல, நாய்க்கு என்ன கேன்சர் வைத்தியம்?" நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் நாயின் வைத்தியத்தை நிறுத்தினால் அந்தப் பணம் எந்த ஏழையின் ஆஸ்பத்திரி பில்லுக்கும் போகப் போவதில்லை. வின்கிறிஸ்டின் காப்புரிமை எப்போதோ காலாவதியான பழைய மருந்து. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. ஒரு முகூர்த்தப் பட்டுப் புடவையின் விலைக்கு முன்னால் அந்த ஊசிகளின் செலவு ஒன்றுமே இல்லை. இன்னொன்று, நாய்க்குத் தானாக வரும் லிம்ஃபோமாவும் எலும்புப் புற்றும் மனிதருக்கு வருவதோடு மிகவும் ஒத்துப்போவதால், நாயில் கற்றது மனிதருக்கும் பயன்படுகிறது. அதற்கென்று ஓர் ஆராய்ச்சித் துறையே இயங்குகிறது.

"கேன்சர்னா கேன்சர்தான், எதுக்கு வீண் முயற்சி?" இதை வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்துக்காரர் சொல்லக் கூடாது. இந்த ஊரில் பிறந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3-ம் தேதி புற்றுநோயால் மறைந்தார். அதே வருடம் காரப்பேட்டையில் அவர் பெயரில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. புற்று என்ற சொல்லைக் கேட்டதும் ஊரே நம்பிக்கை இழந்த காலத்தில், "வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லக் கட்டப்பட்ட இடம் அது. அந்த மருத்துவமனை உள்ள ஊரில் நின்றுகொண்டு, சோதித்துக்கூடப் பார்க்காமல் "தேறாது" என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாமா?

"தெரு நாயையெல்லாம் பிடிச்சு அடைச்சா எல்லாம் சரியாயிடும்." 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி, டெல்லி வட்டாரத் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினோரே நாளில், ஆகஸ்ட் 22-ம் தேதி, பெரிய அமர்வு அதை மாற்றியது. ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. பின்பு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் தனி உத்தரவு வந்தது. இரண்டு பக்கமும் சத்தம் காது கிழிந்தது. ஒரு பக்கம் "ஒழி", இன்னொரு பக்கம் "தொடாதே". ஆனால் நோயுற்ற, வயதான நாயைப் பற்றி இரண்டு பக்கமும் பேசவே இல்லை. நெருக்கடியான காப்பகத்தில் தொற்று நோய்க்கு முதலில் பலியாவது யார்? எதிர்ப்பு சக்தி தளர்ந்த அதே கிழ நாய்தான்.

விலங்கு நேசர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் ராத்திரி பிஸ்கட் போடுகிறீர்கள், சந்தோஷம். அந்த நாய்க்குக் கடைசியாக எப்போது ரேபிஸ் ஊசி போட்டார்கள்? கருத்தடை ஆகியிருக்கிறதா? வாலுக்குக் கீழே ரத்தம் வருகிறதா என்று பார்த்ததுண்டா? இதற்கெல்லாம் பதில் தெரியாது என்றால், நடப்பது பிஸ்கட் விநியோகம் மட்டும்தான்.

2023-ம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், குணப்படுத்தவே முடியாத நோயுள்ள தெரு நாய்களை, கால்நடை மருத்துவர் உறுதி செய்த பிறகு, வலியில்லாமல் கருணைக் கொலை செய்ய இடம் தருகின்றன. அது தவறல்ல. உண்மையிலேயே தீராத வேதனையில் இருக்கும் உயிருக்கு அது கடைசி உதவி. ஆனால் ஒரு கேள்வி. ரத்தம் சொட்டும் காலிஃபிளவர் கட்டியோடு ஒரு நாய் வந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது "தீராதது" போலத்தான் தெரியும். அது பத்தில் ஒன்பது நாய்க்குத் தீரக்கூடியது என்று தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா? கட்டியை ஒரு கண்ணாடித் துண்டில் ஒற்றி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே சி.டி.வி.டி செல்களைப் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடலாம். அந்தச் சோதனை நடக்கிறதா இல்லையா என்பதில்தான் ஓர் உயிர் நிற்கிறது.

இதற்கெல்லாம் பெரிய பட்ஜெட் வேண்டாம். கருத்தடைக்காகப் பிடிக்கும் ஒவ்வொரு நாயையும் மேஜையில் கிடத்தத்தான் போகிறார்கள். அப்போதே பிறப்புறுப்பையும் மடியையும் ஒரு தடவை பார்த்து, கட்டி இருந்தால் கண்ணாடியில் ஒற்றிச் சோதித்து, சி.டி.வி.டி என்றால் முழு ஊசிக் கணக்கும் முடியும் வரை வைத்திருந்து விட வேண்டும். பாதியில் விட்டால் அந்த நாய் மற்ற நாய்களுக்கும் கொடுக்கும். பிரிட்டனில் ஒரு காலத்தில் இந்தக் கட்டி இருந்தது. 20-ம் நூற்றாண்டில் நாய்களை ஒழுங்காகக் கட்டுப்படுத்தியதால் அது அங்கே மறைந்துபோனது என்று கருதப்படுகிறது. அங்கே நடந்தது இங்கே நடக்க எந்தச் சாபமும் குறுக்கே நிற்கவில்லை.

வீட்டில் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். ஏழு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். ரேபிஸ் ஊசியை வயதைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு முறை உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். கட்டி தென்பட்டால் அந்த வாரமே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே முடியாததற்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு மணி நேரப் பயணம்தான்.

கடைசியாகச் சட்டம். வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பது ரூபாய்தான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டால் வரும் பில். அந்தத் தொகையைப் பார்த்து யாரும் பயப்படப் போவதில்லை.

பயம் வேண்டாம், கணக்காவது சரியாகப் போடலாமே? பத்து வருடம் வாசலில் படுத்திருந்தது. ராத்திரி யார் வந்தாலும் முதலில் எழுந்தது. குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் கடிக்கவில்லை. வரவுப் பக்கத்தில் இவ்வளவு இருக்க, பற்றுப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையும் நாலைந்து ஊசியும் எழுதக் கை வராமல், "வயசாயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடிக்கிறார்கள்.

வயது எல்லோருக்கும் ஆகும், அப்படிச் சொல்கிறவர்களுக்கும்தான். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு கட்டி வந்து டாக்டரிடம் போகும்போது, அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் "வயசாயிடுச்சுங்க, விடுங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்?